அண்ணன் பேரில் பஞ்ச் கார்டு

காங்கேயம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாள். பக்கத்தில், கறுப்புக் கோட்டை மடித்து மடியில் வைத்திருந்த வக்கீல்.

“போலீஸ் சொல்ற அந்த அடிதடி நடந்தப்ப எம்பையன் கம்பெனியில இருந்தானுங்க. இந்தாங்க, வந்துபோன நேரம் பதியற பஞ்ச் கார்டு.”

“இதுல அவங்கண்ணன் பேருல்லங்க இருக்குது?”

“கேஸ் இருக்கறவனுக்கு யாருங்க வேலை குடுக்கறாங்க? அண்ணன் பேருலதான் போனானுங்க.”

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். “ஒரு வருசம் ஒழுங்கா இருக்கறேன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்துத்தானுங்கம்மா வெளிய வந்தான். இதைக் காட்டுனா ஆள்மாறாட்டம்னு இன்னொரு கேஸு. காட்டாட்டி, எழுதிக் குடுத்ததை மீறி அடிதடி பண்ணுனான்னு பழைய கேஸுலயே உள்ள போவான்.”

அந்த அம்மாள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எட்டு மாசமா ஒரு நாள் லீவு போடலீங்க. அவன் ஒழுங்கா இருந்ததுக்கு எங்ககிட்ட இருக்கற அத்தாட்சி இது ஒண்ணுதானுங்க.”