நீல நாடா

பெயரும் கதவு எண்ணும் மேலே எழுதியபடி. வயது நாற்பத்தாறு. கணவருடன் சேர்ந்து எலுமிச்சை நாற்றுப் பண்ணை நடத்தி வருகிறேன். பக்கத்துப் பண்ணைக்காரரைத் தாடி அண்ணன் என்போம். நடுவில் கம்பி வேலி மட்டும்தான். மூச்சு விடாமல் பேசுகிறேன் என்று எழுதும் அதிகாரி நிறுத்தச் சொன்னார். இனி வரிசையாகச் சொல்கிறேன்.

தாடி அண்ணன் போன மாதம் வெளிநாட்டிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பினார். மறுநாள் அவர் வீட்டுக் கொடி முழுக்க ஈரத் துண்டுகள் தொங்கின. வேலியோரம் போனபோது அவற்றில் எலுமிச்சை இலை வாசனை அடித்தது. ஒட்டுக் கட்டும் குச்சிகளை வாடாமலிருக்க ஈரத் துணியில் சுற்றித்தான் கொண்டுவருவார்கள், எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. சோதனையில்லாமல் வரும் ஒட்டுக் குச்சியில் மஞ்சள் நோய் ஒளிந்து வரும், வந்தால் சுற்றுவட்டாரத் தோட்டமே போய்விடும், பார்த்தால் உடனே சொல்லுங்கள் என்று வேளாண்மைத் துறைக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு ஒரு கண்ணை அங்கேயே வைத்திருந்தேன். நேற்றுக் காலை அவருடைய நிழல்வலைக் கிழிசல் வழியே பார்த்தபோது, எங்கள் ரகம் எதிலும் இல்லாத அகலத்தில் இலைவிட்ட புது ஒட்டுகள் நின்றன. ஒட்டுப் போட்ட இடத்தில் இங்கே எல்லோரும் வெள்ளை நாடா கட்டுவோம். அவற்றில் நீல நாடா இருந்தது. கை காலெல்லாம் பரபரத்தது.

அதன் பிறகு கணவரிடம் சொன்னேன். "பேசாம இரு. நாளைக்கு அவர் முகத்துல எப்படி முழிக்கிறது?" என்றார். "முகத்தப் பாத்தா தோட்டம் பொழைக்குமா?" என்று கேட்டுவிட்டு, மோட்டார் அறைக்குப் பின்னால் நின்று துறைக்குப் போன் செய்தேன்.

அதன் பிறகு இன்று காலை துறை வண்டி வந்தது. தெருவே கூடிவிட்டது. செருப்புக்கூடப் போடாமல் முன்னால் ஓடி நான்தான் வழி காட்டினேன். சந்தோஷமாகவே இருந்தது, மறைக்கவில்லை. தாடி அண்ணன் கோபப்படவில்லை. "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலிக்கு இந்தப் பக்கம் பார்த்தார்.

எங்கள் தொழிலில் புது ரகம் கிடைத்தால் முதல் ஒட்டைப் பக்கத்துப் பண்ணை மரத்தில் கட்டுவோம். தன் மரம் பட்டுப்போனாலும் ரகம் பிழைக்கும் என்பதற்காக. கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. காய்த்த பிறகு கண்டுபிடித்துச் சிரித்துக்கொள்வோம். இருந்த பரபரப்பில் எனக்கு இது நினைவுக்கே வரவில்லை, அவர் இந்தப் பக்கம் பார்த்த பிறகுதான் வந்தது.

அதன் பிறகு எங்கள் தாய்மரத்துக்கு ஓடினேன். பண்ணையில் உள்ள நாற்றெல்லாம் அதிலிருந்து எடுத்தவைதான். வேலிப் பக்கக் கிளையில், இலை மறைவில், நீல நாடா. அதிகாரிகள் எல்லோரும் நிழல்வலைக்குள் இருந்தார்கள். கத்தரி என் இடுப்பிலேயே இருந்தது. பின்னாலேயே வந்த கணவர் கத்தரியைக் காட்டிக் கண்ணால் கெஞ்சினார். ஆனாலும் "சார், இங்க வாங்க! எங்க மரத்துலயும் ஒண்ணு இருக்கு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. தாய்மரத்தை வெட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று கணவர் போன் செய்கிறார். நான் போகும்வரை ரம்பத்தை வைக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால், உடனே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)