இடது கைக்காரன் போகவில்லை

குளிர்காலத்தில் பேஸ்பால் ரசிகனுக்குப் பொழுது போவதே இல்லை. கோடையில் கவலையில்லை, தினமும் ஆட்டம் இருக்கும், தோற்றால் திட்டலாம், ஜெயித்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மைதானத்தைப் பூட்டிவிட்டால் பிறகு வதந்திதான். யாரை விற்கிறார்கள், யாரை வாங்குகிறார்கள், எந்த விதியை மாற்றப் போகிறார்கள் என்று போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் மனைவி இருந்தவரை அதைப் பிடுங்கி மாவு டப்பாவுக்குள் போட்டுவிடுவாள். இப்போது பிடுங்க ஆளில்லை.

என்னைப் பைத்தியம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். என் பெயர் வென்டெல் ஸ்டாஷாக். ஓய்வு பெறும்வரை இந்த ஊரில் பேருந்து ஓட்டினேன். ஒரு நாயைக்கூட இடித்ததில்லை.

டாரெல் ப்ரூயிட் என் அடுத்த வீட்டுக்காரன். எங்கள் அணியின் இடது கைப் பந்துவீச்சாளன். எங்கள் தெருப் பெண் கொரினைக் கட்டிக்கொண்டு, பணம் வந்த பிறகும் பெரிய வீடு தேடிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டான். அவன் வீட்டுப் படிகளில் பனியை அள்ளிவிட்டு உப்புத் தூவுவது என் வேலை. யாரும் சொல்லி நான் செய்ததில்லை.

நிதானமாக வீசுகிறவன் அவன். பந்தைத் துடைப்பான், தொப்பியைச் சரிசெய்வான், ஏரிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பான். மட்டைக்காரனுக்குப் பொறுமை போன பிறகுதான் அந்தக் கை சுழலும். அந்த நேரத்தில்தான் கடிகார விதி வந்தது. பலகையில் எண் இறங்கி முடிவதற்குள் வீசிவிட வேண்டும், இல்லையென்றால் தண்டனை. கஸ்ஸின் மதுக்கடையில் தினமும் இதே சண்டைதான். ஆட்டம் சீக்கிரம் முடிகிறது, நல்லதுதானே என்பான் கஸ். பாதிரியார் பிரசங்கத்துக்கும் கடிகாரம் வைப்பாயா என்று கேட்டேன்.

“வச்சா நான்கூட கோயிலுக்கு வருவேன்யா” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் வருடம் டாரெல் கடிகாரத்தோடு மல்லுக்கட்டித் தோற்றான். எங்கள் ஆட்களே அவனைப் பார்த்து ஊளையிட்டார்கள். நான் ஊளையிடவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் பழகிக்கொண்டு பிரமாதமாக வீசினான். அத்தோடு அவனுடைய ஒப்பந்தமும் முடிந்தது. மேற்குக் கடற்கரையின் பணக்கார அணி ஒன்று மூக்கை நுழைத்தது.

அந்த டிசம்பரில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் அவன் இருப்பான் என்பார்கள், மதியம் போகிறான் என்பார்கள். காபி போட்டுவிட்டுக் குடிக்க மறந்து, மறுபடி போடுவேன். கடைசியில் வேலிக்கு அந்தப் பக்கம் அவன் நின்றபோது கேட்டேவிட்டேன்.

“இன்னும் முடியல, பெரியவரே. திங்கக்கிழமை அங்க டாக்டருங்க கையப் பாக்கணும். அவங்க சரின்னு சொன்னாத்தான் கையெழுத்து” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை காலைல கிளம்புறோம். படில மட்டும் உப்பு போட்டுடுங்க. கொரினுக்கு வழுக்கும்” என்றான்.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம் நான் வாளியோடு போனேன். வாளியில் இருந்தது தண்ணீர். படிகளில் மேடுபள்ளம் தெரியாதபடி மெதுவாக ஊற்றினேன். சற்று நேரத்தில் இறுகிவிட்டது. பிறகு பொடிப்பனி விழுந்து மூடியது. கை கொஞ்சம் வீங்கினால் போதும், டாக்டர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள், அவன் எங்களோடு இன்னொரு வருடம் இருப்பான். என் எண்ணமெல்லாம் அவ்வளவுதான்.

காலையில் முதலில் வந்தது கொரின். அதை நான் எதிர்பார்க்கவில்லை. என் வீட்டுச் சன்னல் கண்ணாடியைத் தட்டலாமா என்று நினைத்தேன், தட்டவில்லை. அவள் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குவாள், எப்போதும் ஜாக்கிரதைக்காரி. கால் சறுக்கியதும் கம்பியைக் கட்டிக்கொண்டு, அவனை எச்சரிக்கத் திரும்பினாள். அதற்குள் அவன் காலை வைத்துவிட்டான். இரண்டு கையிலும் பெட்டி.

முதலில் ஓடிப் போனவன் நான்தான். எந்தக் கை என்று பார்த்தேன். இடதுதான். முழங்கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. என் கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன்.

“பெரியவரே, கொரின் விழுந்துட்டாளா?” என்று கேட்டான்.

“இல்லப்பா. நல்லா இருக்கா.”

ஆம்புலன்ஸ் வரும்வரை அவனுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடற்கரை அணி விலகிக்கொண்டது, நான் நினைத்தபடியே. ஆனால் எங்கள் அணியும் நன்றி சொல்லி அவனைக் கைகழுவிவிட்டது. இனி அந்தக் கை பந்து வீசாதாம். கஸ் கடையில் ஒரு நாள் அழுதார்கள். மறுவாரமே அடுத்த இடது கைக்காரன் யார் என்று பேச ஆரம்பித்தார்கள். பிறகு நடுவருக்குப் பதில் இயந்திரம் தீர்ப்புச் சொல்லப் போகிறதாம், அந்தச் சண்டை. மனிதர்களுக்கு இவ்வளவுதான் விசுவாசம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பனிக்கடியில் கண்ணாடி மாதிரி இருந்ததைக் கொரின் கவனித்திருக்கிறாள். கையில் கட்டோடு டாரெல் என் வீட்டுக்கு வந்தான்.

“அவ என்னென்னமோ சொல்றா, பெரியவரே. நீங்க உப்புதானே போட்டீங்க?”

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. “தண்ணி ஊத்தினேன். நீ இங்கயே இருக்கணும்னுதான்” என்றேன்.

அவன் கிளம்பப் பார்த்தான். ஒற்றைக் கையால் கோட்டுப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறினான். போட்டுவிடலாம் என்று கையை நீட்டினேன். பின்னால் நகர்ந்துகொண்டான். அன்று சாயங்காலமே போலீஸ் வண்டியில் நீங்கள் வந்தீர்கள். இன்று மறுபடியும் வந்திருக்கிறீர்கள்.

வருத்தமில்லையா என்று கேட்டீர்கள். ஆம், ஊற்றியது நான்தான், தெரிந்துதான் ஊற்றினேன். ஆனால் அவன் போகவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் அடுத்த வீட்டில்தான் இருக்கிறான். என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறான். வசந்தம் வந்தால் சரியாகிவிடுவான்.