மஞ்சள் கோடு

ஸ்பேசர் கெட்ட சாமான் இல்லை, ஐயா. சரியாகப் பூட்டினால் பத்து வருஷம் கிடந்தாலும் ஒன்றும் செய்யாது. அதற்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் அவசரக்காரர்கள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மா சொல்லவில்லை.

நீங்கள் விபத்து என்று எழுதி மூடிய விஷயத்தைத் திறக்க நானாக வந்திருக்கிறேன். ஆகையால் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன், ஆறுதலாக எழுதிக்கொள்ளுங்கள்.

அகலமான சக்கரம் போட்ட கார், வளைவில் திரும்பும்போது உள்ளே உரசும். சக்கரத்துக்கும் அது உட்காரும் ஹப்புக்கும் நடுவில் ஓர் அலுமினிய வட்டத்தை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளிவிட்டால் உரசாது. அந்த வட்டம்தான் ஸ்பேசர். ஹப்பின் முகத்தில் துரு ஒரு பொட்டும் இருக்கக் கூடாது. நடு ஓட்டை இறுக்கமாக உட்கார ஒரு வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். எல்லாவற்றிலும் முக்கியம் ஸ்டட், அதாவது நட் ஏறுகிற ஆணி. ஸ்பேசரின் தடிப்பு அளவுக்கு ஆணி உள்ளே மறைந்துபோகும். அதனால் பழைய ஆணியைத் தட்டிக் கழற்றிவிட்டு நீளமானதைப் போட வேண்டும். நட் கையால் எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். நாலு சுற்றில் நின்றுபோனால் அந்தக் காரை வாசலுக்கு வெளியே விடக் கூடாது. நூறு கிலோமீற்றர் ஓடியபின் திரும்பி வந்து, நட்டை இன்னொரு தரம் இறுக்கிக்கொண்டு போக வேண்டும். கொட்டாஞ்சேனையில் என் கராஜில் இருபத்தைந்து வருஷமாக இதுதான் சட்டம்.

வேலை முடிந்ததும் நட்டுக்கும் ஆணிக்கும் குறுக்கே மஞ்சள் பெயின்ரால் ஒரு கோடு கீறிவிடுவேன். கோடு நேராக நின்றால் நட் அசையவில்லை, உடைந்திருந்தால் அசைந்திருக்கிறது. கிராண்ட்பாஸ் ஆட்டோக்காரர்கள்கூட 'கிளெமென்ற் அண்ணன்ட கோடு' என்று சொல்லி மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். எனக்கு அதில் பெருமைதான், மறைக்கவில்லை.

மேபல் என் தங்கை. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து முன்னமே போய்விட்டார். அம்மா போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு இருபத்தொன்று. நான் கல்யாணம் கட்டவில்லை. கேட்க ஆள் இல்லாமல் அல்ல, ஐயா; இப்போதுதான் இந்த முகம், அப்போது பார்க்கும்படி இருந்தேன். அவளைப் படிப்பித்து டீச்சராக்கினேன். காலையில் ஸ்கூட்டரில் பாடசாலையில் விட்டு, பின்னேரம் ஏற்றி வருவேன். அவளைக் கேட்டு வந்தவர்களை ஒவ்வொருவராக நானே போய் விசாரித்தேன். ஒருவர் குடிப்பார். ஒருவர் தாயின் பேச்சைத் தட்டாதவர். ஒருவருக்குச் சிரிப்புச் சரியில்லை. திருப்பி அனுப்பினேன். மேபல் ஒருபோதும் குறை சொன்னதில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், அவ்வளவுதான்.

நாற்பத்திரண்டு வயதில் அவளாகவே ஒருவரைக் கூட்டிவந்தாள். சவுந்தரநாயகம். வெள்ளவத்தையில் ஃப்ளாட்டில் இருப்பவர், மனைவியை இழந்தவர். கோயில் பாட்டுக்குழுவில் பழக்கம். வழக்கம்போல நான் விசாரித்தேன். குடி இல்லை, கடன் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் குடித்த தேநீர்க் கோப்பையைத் தானே கழுவி வைப்பார். அவருடைய மகன் மெல்பேர்னில். கல்யாணம் முடிந்ததும் இருவரும் அங்கே போய்விடுவதாக ஏற்பாடு.

மேபல் அதைச் சொன்ன விதத்தையும் எழுதுங்கள். "அண்ணா, சாப்பாட்டைப் பற்றி யோசிக்காதைங்கோ. பக்கத்து வீட்டு மாக்ரெட் அக்காட்டக் கதைச்சிட்டன். ரெண்டு நேரமும் கட்டித் தருவா."

முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்ததை அவள் சோற்றுப் பார்சலால் ஈடுகட்டப் பார்த்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. பிளேனில் ஏறுகிறவள் திரும்பி வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு அறிவித்தல் வாசிப்பார்கள். இந்த இருவரும் சேர்வதற்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று பாதர் கேட்பார். மூன்று ஞாயிறும் நான் முன்வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எழும்பிச் சொல்ல என்னிடம் ஒரு தடையும் இருக்கவில்லை. குறையே இல்லாத மனிதரைப் பற்றி என்னத்தைச் சொல்ல?

பிறகு சவுந்தரநாயகம் தானாகவே காரைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். மகன் விட்டுப்போன கார். பெடியன் ஆசைக்குப் போட்ட அகலச் சக்கரம் வளைவில் உரசுகிறது. "அண்ணை, கலியாணத்துக்கு முதல் தலவிலை அன்னம்மாள் கோயிலுக்கு மேபலைக் கூட்டிக்கொண்டு போகவேணும், நேர்த்தி இருக்கு. அதுக்குள்ள சரிப்பண்ணித் தருவீங்களோ?"

தருகிறேன் என்றேன்.

ஸ்பேசர் வாங்கப் பஞ்சிகாவத்தையில் ராசிக்கின் கடைக்குப் போனேன். அவரைக் கேட்டால் உங்களுக்குச் சொல்வார். ஒரு சக்கரத்துக்கு நாலு ஆணி வைத்த கார் அது. நாலு ஸ்பேசரும் நீள ஆணி பன்னிரண்டும் கேட்டேன். ராசிக் விரலை மடித்துப் பார்த்தார். "பதினாறெல்லோ வேணும்? மத்த நாலும் எங்க?"

"கராஜில கிடக்கு," என்றேன்.

மூன்று சக்கரங்களை என் சட்டப்படியே பூட்டினேன். துரு தேய்த்து, வளையம் போட்டு, நீள ஆணி மாற்றி, எண்ணி எண்ணி ஏற்றினேன். அந்த மூன்றையும் நீங்கள் கழற்றிப் பார்த்தால் ஒரு குறை சொல்லமாட்டீர்கள். நாலாவதில் பழைய ஆணியை அப்படியே விட்டேன். வளையம் போடவில்லை. நட் நாலு சுற்றில் நின்றது. நன்றாக இறுக்கி, மஞ்சள் கோட்டையும் கீறினேன்.

மேபல் தேநீர் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் தந்தாள். நான் சவுந்தரநாயகத்தைக் குனிய வைத்துக் கோட்டைக் காட்டினேன். வழியில் நிறுத்துகிற இடமெல்லாம் இதைப் பாருங்கோ, நேராய் நின்றால் பயமில்லை என்றேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். கோடு பொய் சொல்லாது, ஐயா. நட் சுழன்றதா என்று கேட்டால் பதில் சொல்லும். நட் எத்தனை சுற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அதனிடம் யாரும் கேட்பதில்லை.

சனிக்கிழமை காலையில் போனார்கள். நான் பேலியகொடைக்குப் போய் மீன் வாங்கி வந்து, கராஜைத் திறந்து வேலை பார்த்தேன். பத்து மணிபோல போன் வந்தது.

"அண்ணை, சிலாபத்தில நிக்கிறம். கொஞ்சம் வேகமாப் போனா ஸ்டியரிங் நடுங்குது."

"கோட்டைப் பார்த்தீங்களோ?"

"பார்த்தனான். நாலிலயும் நேராத்தான் நிக்குது. நூறு கிலோமீற்றர் ஆகப்போகுது, திரும்பி வரட்டோ? இல்லாட்டி இங்க ஒரு கராஜில காட்டட்டோ?"

பின்னால் மேபலின் குரல் கேட்டது. "அண்ணா சாப்பிட்டவரோ எண்டு கேளுங்கோ. பிட்டு மூடி வச்சிருக்கு."

அந்த நேரத்தில் ஒரு சொல் போதும் என்பது எனக்குத் தெரியும். அதை மறைக்க நான் இங்கே வரவில்லை.

"பெலன்ஸ் கொஞ்சம் பிழைச்சிருக்கும்," என்றேன். "ஒருத்தற்ற கையும் வைக்க விடாதைங்கோ. நேர்த்தியை முடிச்சிட்டு வாங்கோ, நான் பார்க்கிறன்."

பிறகு கையைக் கழுவிவிட்டுப் பிட்டைச் சாப்பிட்டேன். பத்துளு ஓயா ஆற்றைத் தாண்டியதும் நாலு ஆணியும் முறிந்து சக்கரம் கழன்றது. கார் இழுத்துக்கொண்டு போய்த் தென்னை மரத்தில் மோதியது. சவுந்தரநாயகத்துக்கு நெற்றியில் ஐந்து தையல். மேபலுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

அந்த ஆளைக் கொல்லப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். அவரோடு எனக்கு என்ன கோபம்? கோப்பை கழுவுகிற மனிதர். அவர் செத்திருந்தால் மேபல் கறுப்பு உடுத்துக்கொண்டு அவருடைய படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். அதில் எனக்கு என்ன கிடைக்கும்? அவரைத்தான் வேண்டுமென்றால் வலது பக்கச் சக்கரத்தைப் பார்த்திருப்பேன். நம் நாட்டில் ஓட்டுகிறவர் வலப்பக்கம்.

நான் விட்டது இடது முன் சக்கரம். அங்கே உட்காருவது மேபல் என்று தெரிந்துதான் விட்டேன். ஒரு கால் போகும் என்று நினைத்தேன். இரண்டும் போனது நான் எதிர்பாராதது, அதற்கு மனம் வருந்துகிறேன். குளிக்க வார்க்கவும் சோறு ஊட்டவும் தூக்கி இருத்தவும் ஓர் ஆள் வேண்டியிருந்தால் அவள் எங்கே போவாள்? அந்த ஆளாக நான் இருந்திருப்பேன். அவளுக்கு ஒரு குறையும் வைத்திருக்க மாட்டேன். கதவுக்கு அகலம் போதாது என்று வீட்டில் நிலையைக்கூட இடித்துக் கட்டிவிட்டேன்.

சவுந்தரநாயகம் விஷயத்தில்தான் என் கணக்குப் பிழையாகிப்போனது. கால் வழங்காதவளை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று எண்ணியிருந்தேன். மனிதர் வார்டை விட்டு அசையவில்லை. போன சனிக்கிழமை பாதர் வந்து கட்டிலடியிலேயே கல்யாணத்தை முடித்துவைத்தார். மாதக் கடைசியில் பிளேன். சக்கர நாற்காலிக்குத் தனி இடம்கூடப் பதிந்தாயிற்று.

நேற்று மேபல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, இது உங்கட பிழை இல்லை. நீங்க மனம் நோகக் கூடாது," என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேலையில் கவனம் பிசகிய ஒரு மெக்கானிக்காக என்னை நினைத்துக்கொண்டு அவள் போகப் போகிறாள்.

எல்லாம் எழுதியாயிற்றா? கையெழுத்து வைக்கிறேன். ஒரே ஓர் உதவி, ஐயா. அவள் போவதற்கு முன் இதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவளுக்காக நான் எது வரைக்கும் போனேன் என்று தெரிந்தால், மேபல் என்னை விட்டுப் போகமாட்டாள்.