நீந்தத் தெரியும் என்று சொன்னவர்

எனது பெயர் தியாகராசா நிரோஜா. வயது 27. நிரந்தர விலாசம் சண்டிலிப்பாய் வடக்கு. தற்போது தொண்டைமானாற்றில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறேன். தொழில், இன்று காலை வரை, கடல்நீரேரியில் படகுச் சவாரி நடத்தும் சோமசேகரம் என்பவரிடம் ரிக்கற் கொடுப்பது. அங்கு உயிர்காப்பாளராக வேலை செய்யும் ஜெயசுதன் என்பவரைக் கன்னத்தில் அறைந்ததாக என்மீது இந்தப் பொலிஸ் நிலையத்தில் செய்யப்பட்ட முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அறைந்தேன். அதை மறுக்க நான் இங்கு வரவில்லை.

கடந்த தை மாதம் அந்த உயிர்காப்பாளர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை நடந்தது. நானும் ஜெயசுதனும் போயிருந்தோம். நீந்தத் தெரியுமா என்று சோமசேகரம் கேட்டதற்கு, எங்கள் தோட்டக் கிணற்றில் பழகியதாகவும், நன்றாக நீந்துவேன் என்றும், ஆனால் கடல்நீரில் இறங்கியதில்லை என்றும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "கிணத்திலை கால் அடிச்சவைக்கு உது சரிவராது பிள்ளை" என்றார்.

அதன் பின்னர் ஜெயசுதனை அழைத்தார். கதவு திறந்தே இருந்தபடியால் எனக்கு எல்லாம் கேட்டது. தகப்பன் கடற்தொழில் செய்பவர் என்றதும் நீந்திக் காட்டும்படி கேட்கவில்லை. கடற்கரைப் பொடியனிடம் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஜெயசுதனும், "ஓம் ஐயா, சின்னனிலை இருந்து கடல்தான்" என்றார். வேலையும் விசிலும் அவருக்குக் கிடைத்தன. எனக்கு ரிக்கற் மேசை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இறங்குதுறையில் சனம் நெருக்கியடித்தது. ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று கால் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தது. ஜெயசுதன் பக்கத்தில்தான் நின்றார். விசிலை ஊதினார். பிறகும் ஊதினார். பிள்ளையின் தாய் அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்து, "குதி தம்பி, குதியன்" என்று கத்தியும் அவர் அசையவில்லை. அதன் பின்னர் நான் மேசையை விட்டு ஓடிவந்து குதித்துப் பிள்ளையைத் தூக்கினேன். எனது மேசை தூரத்தில் இருக்கிறது. அவர் நின்ற இடத்திலிருந்து குதித்திருந்தால் பிள்ளை இவ்வளவு தண்ணீர் குடித்திருக்காது. இப்போது பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறது. மூச்சு இருக்கிறது. பிள்ளைக்குத் தாயை இன்னும் அடையாளம் தெரியவில்லை.

அம்புலன்ஸ் போன பின்னர், ஏன் குதிக்கவில்லை என்று ஜெயசுதனைக் கேட்டேன். "எனக்கு நீந்தத் தெரியாது. பள்ளிக்கூடம் போய்ப் படி எண்டு அப்பா என்னைத் தண்ணியிலை இறங்கவே விடேல்லை. வேலை எடுக்கிறதெண்டால் எல்லாரும் உப்பிடித்தானே சொல்லுறவை" என்றார். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லுக்குத்தான் அறைந்தேன். அதே கேள்வியை என்னிடமும் கேட்டார்கள். நான் பொய் சொல்லவில்லை.

இன்று காலை சோமசேகரம் என்னைத் தனியே கூப்பிட்டு, ஜெயசுதனும் குதித்ததாகப் பொலிஸில் சொல்லும்படியும், சொன்னால் முறைப்பாட்டை மீளப் பெறச் செய்து உயிர்காப்பாளர் வேலையை எனக்கே தருவதாகவும் கூறினார். உண்மை சொல்லி இழந்த வேலையைப் பொய் சொல்லி எடுக்க மாட்டேன் என்று சொல்லி, ரிக்கற் மேசையைப் பூட்டும் திறப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மன்னிப்புக் கேட்டால் சமாதானமாக முடிக்கலாம் என்று சார்ஜன்ட் சொல்கிறார். கேட்கிறேன். முதலில் ஜெயசுதன் ஆஸ்பத்திரிக்குப் போய், அந்தத் தாயின் முன்னால் நின்று, தனக்கு நீந்தத் தெரியாது என்று சொல்லட்டும்.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஒரு சொல்லையும் மாற்றத் தேவையில்லை. எல்லாம் உண்மை என்று ஒப்பமிடுகிறேன்.

தி. நிரோஜா