நடந்து போறவளுக்கு ஒரு மேப்

தங்கை: ...அதெல்லாம் முடியாது. மூணு மேப்பையும் போட்டுப் பார்க்கிறோம். எது ஜெயிக்குதோ அது மட்டும்தான் இந்த வழி சொல்ற பெட்டியில இருக்கும். மத்ததைத் தூக்கிடுவேன்.

அண்ணன்: மூணும் தோத்துட்டா?

தங்கை: தோக்காது.

அண்ணன்: தோத்துட்டா...? அதைச் சொல்லு முதல்ல.

தங்கை: தோத்துட்டா திங்கக்கிழமையிலேருந்து உன் பைக் பின்னாடி உக்காந்து ஸ்டுடியோவுக்கு வரேன். ஆயுசு பூரா. போதுமா?

அண்ணன்: அப்பாடா! வயித்துல பாலை வார்த்த.

தங்கை: இரு, முடிக்கல. ஏதாவது ஒண்ணு என்னை ஸ்டுடியோ வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுடுச்சுன்னா, நீ திங்கக்கிழமை காலையில இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குற. பின்னாடியே வரக்கூடாது. தெருமுனையில ஒளிஞ்சு நிக்கக்கூடாது. அம்மாவை அனுப்பக்கூடாது.

அண்ணன்: ஏண்டி, கண்ணு தெரியாத பொண்ணு முதல் நாள் வேலைக்குப் போறா... அண்ணன்காரன் கொண்டுபோய் விட்டா என்ன குறைஞ்சு போயிடும்?

தங்கை: என் மானம் குறைஞ்சு போயிடும். அவங்க என் காதை நம்பி வேலை கொடுத்திருக்காங்க. ரெக்கார்டிங்ல பேசுறவங்க எச்சில் முழுங்குற சத்தத்தைக்கூடக் கண்டுபிடிச்சு வெட்டிடுவேன்னு. முதல் நாளே அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போனேன்னு வை... அப்புறம் தண்ணி குடிக்கப் போனாக்கூட ஒருத்தர் துணைக்கு வருவாங்க.

அண்ணன்: வரட்டுமே. போன வருஷம் பள்ளத்துல விழுந்தது மறந்துபோச்சா?

தங்கை: உன் கையைப் பிடிச்சிருந்தப்பதானே விழுந்தேன்?

அண்ணன்: ...அது வேற விஷயம்.

தங்கை: நீ போன்ல எவ கூடவோ இளிச்சுக்கிட்டு...

அண்ணன்: சரி சரி! பெட்டியை ஆன் பண்ணு. பார்வையற்றோர் சங்கத்துல கொடுத்த நாள்லேருந்து அலமாரியிலதான் தூங்குது. சார்ஜ் இருக்கா?

தங்கை: ம்... இருக்கும்.

அண்ணன்: போன்லயே மேப் இருக்கே, இதை ஏன் கட்டிக்கிட்டு அழற?

தங்கை: போன்ல தடவிக்கிட்டே நின்னா எவனாவது பிடுங்கிட்டு ஓடுவான். இதுல பட்டன் இருக்கு. ஒரு கையில குச்சி, ஒரு கையில பெட்டி. கட்டைவிரல் போதும். சரி, நீ என் பின்னாடி வா. ஆனா வாயைத் திறக்கக்கூடாது.

அண்ணன்: லாரி வந்தா?

தங்கை: லாரி வந்தா மட்டும் திற.

*

பெட்டி: பயணம் தொடங்குகிறது. வலது பக்கம் திரும்பவும்.

அண்ணன்: வலதா? ஸ்டுடியோ இடது பக்கம்ல...

தங்கை: வாய்!

பெட்டி: தொடர்ந்து நேராகச் செல்லவும். அடுத்த சிக்னலில் யூ டர்ன் எடுக்கவும்.

தங்கை: யூ டர்ன்?

அண்ணன்: நம்ம தெரு ஒன்வேடி! இது உன்னை ஊரைச் சுத்திக் கூட்டிட்டுப் போகுது.

தங்கை: நடந்து போறவளுக்கு என்ன ஒன்வே? நான் என்ன காரா? இந்தா, நெத்தியில ஒரு நம்பர் பிளேட் மாட்டி விடு.

அண்ணன்: பெட்டியோடயே வந்த மேப்பு. சும்மா வந்தது அப்படித்தான் இருக்கும்.

பெட்டி: யூ டர்ன் எடுக்கவும்.

தங்கை: எடுக்கிறேன் தாயே, வீட்டுக்கே எடுக்கிறேன். ஒண்ணு அவுட்.

அண்ணன்: ஹா... மிச்சம் ரெண்டு. எனக்கு இப்பவே பைக் ஸ்டார்ட் ஆகுற சத்தம் கேக்குது.

தங்கை: ரொம்ப ஆடாதே.

*

அண்ணன்: இந்த மேப் நான் வாங்கினது. பெரிய கம்பெனி. நடக்கிறவங்களுக்குன்னே தனியா பட்டன் இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்.

தங்கை: அதுல எனக்குக் கஷ்டமே இல்ல.

பெட்டி: இடது பக்கம் திரும்பி நேராக நடக்கவும். உங்கள் வலதுபுறம் துணிக்கடை. இடதுபுறம் செருப்புக்கடை. வாடிக்கையாளர்கள் மிகவும் விரும்பும் கடை.

அண்ணன்: பாத்தியா? இடது பக்கம்! கரெக்ட்டா சொல்லிச்சு.

பெட்டி: வலதுபுறம் அழகு நிலையம். இன்று திறந்திருக்கிறது.

தங்கை: உன்னை அங்க ஒரு நாள் தள்ளிவிடணும்.

பெட்டி: இடதுபுறம் மருந்துக்கடை. வலதுபுறம் கண்ணாடிக்கடை. புதிய கண்ணாடிகளுக்குச் சலுகை.

தங்கை: எனக்கேவா? நக்கலுக்கும் ஒரு அளவு வேணாமா?

அண்ணன்: அறிவு ஜாஸ்திடி அதுக்கு.

பெட்டி: சாலையைக் கடக்கவும். எதிரே உணவகம். உள்ளே அமரும் வசதி, வண்டி நிறுத்தும் வசதி...

அண்ணன்: ஏய்! ஏய், நில்லு!

தங்கை: விடுண்ணா, என்ன...

அண்ணன்: பஸ்ஸுடி! மூக்கு நுனியில பஸ்ஸு போச்சு! கேக்கலையா உனக்கு?

தங்கை: ...கேக்கல.

அண்ணன்: ஒரு நிமிஷம் நான் இல்லேன்னா...

தங்கை: தோளை விடுண்ணா, வலிக்குது.

அண்ணன்: விடமாட்டேன். போதும்டி விளையாட்டு. வா வீட்டுக்கு. மேப்பும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்.

தங்கை: அண்ணா... கொஞ்சம் கேளு. எனக்குப் பயமே இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா பஸ் வந்தது ஏன் கேக்கலேன்னு யோசிச்சியா? நான் காதாலதான் ரோட்டைப் பார்க்கிறேன். இந்தச் சனியன் அந்தக் காதுக்குள்ள உக்காந்துகிட்டு சலுகைங்குது, வசதிங்குது. உன் கண்ணுக்கு நேரா நான் ஓயாம கையை ஆட்டிக்கிட்டே இருந்தா நீ ரோட்டைத் தாண்டுவியா?

அண்ணன்: ...மாட்டேன்.

தங்கை: அவ்வளவுதான். தப்பு என் காது மேல இல்ல. இது லொடலொடன்னு பேசுது, அதான் தப்பு. ரெண்டு அவுட்.

அண்ணன்: மூணாவது நாளைக்குப் பார்க்கலாம்.

தங்கை: இன்னைக்கு. இப்பவே. இன்னைக்கு விட்டா நீ திங்கக்கிழமை ஹெல்மெட்டோட நிப்ப.

*

அண்ணன்: இது எந்தக் கம்பெனி?

தங்கை: கம்பெனி இல்ல. ஊர்ல இருக்கிறவங்களே நடந்து பார்த்துப் போடுற மேப். யார் வேணும்னாலும் சேர்க்கலாம்.

அண்ணன்: யார் வேணும்னாலுமா? எவனாவது வேலைவெட்டி இல்லாதவன் கிணத்தைப் போய் ரோடுன்னு போட்டா?

தங்கை: இன்னொருத்தர் வந்து திருத்துவாங்க. அவங்க உள்ள விழலேன்னா.

அண்ணன்: சிரிக்காதே! சரி, அதே ரோட்டைத்தான் தாண்டணும். நான் பக்கத்துலயே நிப்பேன்.

தங்கை: நில்லு. தொடாதே.

பெட்டி: இடது. நேரே.

அண்ணன்: ...அவ்வளவுதானா? மேல ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது?

தங்கை: சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, அதான் சொல்லல. உன்கிட்ட இல்லாத நல்ல பழக்கம்.

பெட்டி: கம்பம். நடுவில்.

அண்ணன்: அட! நடைபாதை நடுவுல கம்பம் இருக்குதான்... அதைக்கூடப் போட்டிருக்கானே!

பெட்டி: சாலை. நிற்கவும்.

தங்கை: இப்ப நீயும் நில்லு. மூச்சு விடாதே. ஒரு ஆட்டோ... போயிடுச்சு. பின்னாடி சைக்கிள். பஸ் ஒண்ணு தூரத்துல, நிக்கப் போகுது, பிரேக் கத்துது. இப்ப வா.

அண்ணன்: ...தாண்டிட்டோம்.

தங்கை: தாண்டிட்டேன். நீ கூட வந்த.

பெட்டி: படி. மூன்று. கீழே.

அண்ணன்: ஏய், மெதுவா! பாத்து... அட, சரசரன்னு இறங்குறா பாரு.

பெட்டி: நாய். வழக்கமாகத் தூங்கும். வலது ஓரம்.

அண்ணன்: என்னது? நாயா? மேப்புல நாயா? போடீ... அடப்பாவி! தூங்குதுடி! நிஜமாவே தூங்குது!

தங்கை: எழுப்பாதே. அடுத்த தடவை வரும்போது பொய்யாயிடும்.

அண்ணன்: இவன் யாருடி, நாயைக்கூட... ஆ. நில்லு நில்லு. முடிஞ்சுது.

தங்கை: என்ன?

அண்ணன்: தபால் ஆபீஸ் வாசல்ல ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க. குழாய் போடுறாங்க. தகரம் வெச்சு மொத்தமா அடைச்சாச்சு. உன் மேப்புக்கு இது தெரியாதுல்ல? நேரே, நேரேன்னு பள்ளத்துக்குள்ள கொண்டுபோய் விடும். நான் போய் பைக்கை எடுத்துட்டு வந்துடறேன். இங்கயே நில்லு.

தங்கை: மேப்புக்குத் தெரியாது. சரி. எனக்குத் தெரிஞ்சுபோச்சு இல்ல? நான் சொல்றேன் அதுக்கு.

அண்ணன்: என்ன அமுக்குற?

தங்கை: வழி அடைப்புன்னு அமுக்கினேன். பொறு.

பெட்டி: வேறு வழி. பின்னால் திரும்பவும். நீளச் சுவர் முடியும் இடத்தில் சந்து.

அண்ணன்: சந்தா? அங்க சந்தே கிடையாது! பட்டறையில ரிப்பேர் பண்ணி, இந்த ஏரியாவுல நான் ஓட்டிப் பார்க்காத வண்டி இல்ல, போகாத தெரு இல்ல. எனக்குத் தெரியாத சந்தை எவனோ கதை விடுறான்.

தங்கை: வண்டி போற சந்து இல்லையோ என்னவோ. நடந்துதான் பார்ப்போமே. சுவரைத் தொட்டுக்கிட்டே போறேன்... போறேன்... ம். முடிஞ்சுது. இங்க காத்து வருது பாரு.

அண்ணன்: ...இருக்குடி.

தங்கை: என்னது? சத்தமா சொல்லு.

அண்ணன்: சந்து இருக்குன்னேன்! இவ்வளவு நாளா இது எங்க இருந்துச்சு? நான் உள்ள வர முடியுமான்னு தெரியல.

தங்கை: தொப்பையை உள்ள இழு.

அண்ணன்: பக்கவாட்டுல வரேன்... சட்டை போச்சு. ஏய், இரு, எதிர்ல இரும்புக் கேட்டு. பூட்டியிருக்கு. அவ்வளவுதான், திரும்பு.

பெட்டி: கேட். தாழ்ப்பாள் உள்பக்கம், கீழே.

அண்ணன்: உள்பக்கமா? எங்க... காணோமே. கையே போக மாட்டேங்குது.

தங்கை: தள்ளு. ...இந்தா.

அண்ணன்: எப்படித் திறந்த?

தங்கை: கம்பிக்கு அடியில கையை விட்டு மேல தூக்கினேன். பெட்டிதான் சொல்லிச்சே.

அண்ணன்: கீழேன்னுதான் சொல்லிச்சு. தூக்கணும்னு சொல்லல.

தங்கை: பேசிக்கிட்டே இருக்காதே, வா.

பெட்டி: வலது. நேரே. கண்ணாடிக் கதவு. சேருமிடம்.

தங்கை: கதவு... கைப்பிடி... இதோ பெல்லு. அண்ணா, போர்டைப் படி.

அண்ணன்: இரு, வெயில் கண்ணாடியில அடிக்குது.

தங்கை: படிண்ணா. தப்பான இடமா?

அண்ணன்: ஒலிப்பதிவுக் கூடம். இதேதான். உன் ஸ்டுடியோதான்டி!

தங்கை: ஹோய்! கொண்டா கையை! மூணாவது ஜெயிச்சுது! நான் ஜெயிச்சேன்!

அண்ணன்: கத்தாதே, உள்ள ரெக்கார்டிங் நடக்கும்!

தங்கை: நடக்கட்டும்! திங்கக்கிழமை வந்து நானே வெட்டி எடுத்துக்கிறேன்! நீ ஏன் மூக்கை உறிஞ்சுற?

அண்ணன்: தூசி.

தங்கை: தூசி இல்ல. எனக்குக் கேக்குது. என்னண்ணா?

அண்ணன்: சந்தோஷம்டி. அப்புறம்... ஒரு அசட்டு வேலை பண்ணி வெச்சிருக்கேன். பட்டறை முதலாளிகிட்ட இனிமே காலையில வரமாட்டேன்னு சொல்லிட்டேன். தினமும் உன்னை விடணும்னு. மூணும் தோத்துடும்னுதான் நினைச்சேன்.

தங்கை: என்னைக் கேக்காமயா?

அண்ணன்: கேட்டா நீ விடுவியா?

தங்கை: மாட்டேன். நேரா போய், என் தங்கச்சிக்கு நான் தேவைப்படலேன்னு சொல்லி காலை வேலையைத் திருப்பி வாங்கு.

அண்ணன்: சொல்றேன். ஊருக்கே சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி இந்த மேப்பைப் போட்டவனைக் கண்டுபிடிக்கணும். அதுல பேர் இருக்குமா?

தங்கை: எதுக்கு?

அண்ணன்: கையெடுத்துக் கும்பிடத்தான். உக்கார வெச்சு டீ வாங்கித் தரணும். வேலைவெட்டி இல்லாதவன்னு சொன்னேன் பாரு, என் வாயைக் கழுவணும். எவ்வளவு நடந்திருப்பான்டி! படி, கம்பம், நாய்... அந்தத் தாழ்ப்பாள் வரைக்கும், ஒவ்வொண்ணையும் தடவித் தடவிப் பார்த்த மாதிரி...

தங்கை: தடவித்தாண்ணா பார்த்தேன். நீ பட்டறைக்குப் போனப்புறம், தினமும் மத்தியானம், தனியா.