பன்னிரண்டாவது நாவல்

எழுத்தாளரைக் கல்யாணம் செய்துகொண்டவன் சீக்கிரமே சமைக்கக் கற்றுக்கொள்வான். நானும் கற்றுக்கொண்டேன். என் மனைவி மேசையில் உட்கார்ந்துவிட்டால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஊரார் எழுத்தையெல்லாம் திருத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், அவள் எழுத்தில் மட்டும் என்னைக் கைவைக்க விடமாட்டாள்.

மீறி ஒரு வரியைச் சீராக்கி நீட்டினால், "நீங்க இஸ்திரி போட்டுப் போட்டு என் துணியில என் வாசமே இல்லாம பண்ணிடுறீங்க" என்று சிரிப்பாள். பதினொரு நாவல்களிலும் நான் சொன்ன திருத்தம் ஒன்றைக்கூட அவள் ஏற்றுக்கொண்டதில்லை. மனத்தாங்கலாகச் சொல்லவில்லை ஐயா. நீங்கள் கேட்டீர்கள், சொல்கிறேன்.

பன்னிரண்டாவதைத் தொடங்கியிருந்தபோது அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, வலது பக்கம் போயிற்று. இடது கையில் ஒரு விரல் மட்டும் சொன்னபடி கேட்டது. படுக்கையில் சாய்த்து உட்காரவைத்து மடியில் டேப்லெட்டை வைத்தால் இரண்டு மூன்று சொற்கள் தட்டுவாள். வாழ்நாள் முழுக்க என்னை 'நீங்க' என்றவள். ஒற்றை விரலுக்கு அது நீளம் என்பதால் 'வா', 'கொடு', 'திற' என்று இறங்கிவிட்டாள். எனக்குக் கோபமில்லை.

அந்த டேப்லெட்டில் எழுத்தைத் திருத்தித் தரும் மென்பொருள் ஒன்றை ஏற்றியிருந்தேன். இந்தக் காலத்தில் யார்தான் வைத்திருக்கவில்லை? உங்கள் அலுவலகத்து அறிக்கைகளும் அதில் குளித்துவிட்டுத்தான் வெளியே வருகின்றன. ஒருவர் எழுதியதையெல்லாம் அதற்குப் படிக்கக் கொடுத்தால், அதன் பிறகு அவருடைய நடையிலேயே திருத்தித் தரும், விரித்தும் தரும். பதினொரு நாவல்களையும் கொடுத்தேன். ஒருநாள் அவள் 'ஜன்னல் திற' என்று தட்டினாள். ஜன்னலைத் திறந்துவிட்டேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சும்மா இருக்க முடியாமல் 'மெருகேற்று' என்ற பொத்தானை அழுத்தினேன். மூடிய ஜன்னலுக்குள் ஒரு பெண் தெருவைக் காதால் பார்ப்பதாக ஒரு பத்தி வந்தது. படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பதிப்பாளருக்கு அனுப்பினேன். அவர் உடனே தொலைபேசியில் கூப்பிட்டார். "மேடம் இவ்வளவு நல்லா எழுதி நான் பார்த்ததில்ல சார். இந்த நிலைமையிலயும் எப்படி சார்?" அடுத்த பத்தியையும் அனுப்புகிறேன் என்றேன். பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியது. வாசகர்கள் எழுதிய கடிதங்களை அவள் காலடியில் வைத்தேன். அவள் அவற்றைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் கேட்டால் கொடுத்தேன். கொடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் அது பொய். ஆனால் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. கேட்டவுடன் கொடுத்தால் அடுத்து அவள் எழுதுவது சப்பென்று இருந்தது. கொஞ்சம் தாமதித்தால் 'தண்ணி. ரொம்ப நேரமா' என்று எழுதினாள். அதிலிருந்து வந்த பத்தியை உங்கள் வீட்டிலும் யாராவது அடிக்கோடிட்டு வைத்திருப்பார்கள். எந்த எழுத்தாளர்தான் கஷ்டப்படாமல் எழுதினார்?

பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்த நர்ஸை நிறுத்தினேன். அந்தப் பெண் கெட்டிக்காரி. "இன்னும் கொஞ்ச நாள்ல பேச்சு திரும்பிடும் சார்" என்றாள். பேச்சு திரும்பினால் எழுத்து என்னாவது என்று அவள் யோசிக்கவில்லை. யோசிப்பது அவள் வேலையும் இல்லை.

கொழுந்தியாள் வாரம் தவறாமல் கூப்பிடுவாள். "அத்தான், அக்கா காதுல ஒரு நிமிஷம் ஃபோனை வைங்களேன். நான் பேசுறது கேட்டாப் போதும்."

"எழுதிட்டு இருக்காம்மா. இப்பத் தொந்தரவு பண்ண வேணாம்" என்பேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அப்படியிருக்கும்போது ஒருநாள் என் மனைவி 'சுண்டு வரச் சொல்' என்று எழுதினாள். சுண்டு என்பது கொழுந்தியாளுக்குச் சின்ன வயதில் அவள் வைத்த பெயர். மென்பொருள் அதைக் கதாபாத்திரத்தின் பெயர் என்று எடுத்துக்கொண்டது. "சுண்டு வருவாள் என்று அவள் நம்பினாள். நம்பிக்கைக்குக் கால் முளைத்தால் அது சுண்டுவின் நடையில்தான் நடக்கும்." அடித்துவிட்டு வேறு பெயர் போட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றாமல் இல்லை. வேறு எந்தப் பெயரை வைத்துப் பார்த்தாலும் வாக்கியம் நொண்டியது. பிழை திருத்துகிறவனாக இத்தனை வருடம் இருந்துவிட்டு, நன்றாக அமைந்த வாக்கியத்தை என் கையாலேயே கெடுக்க மனம் வரவில்லை. அப்படியே விட்டேன். இன்று கேட்டாலும் விடுவேன்.

இதழ் வெளிவந்த அன்று காலையிலேயே கொழுந்தியாள் கூப்பிட்டாள். "அத்தான், அந்தப் பேரு அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவ கதை எழுதல. என்னைக் கூப்பிடுறா. நான் கிளம்பிட்டேன், சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன்."

சாயங்காலம் அவள் வந்தால் டாக்டர் வருவார், நர்ஸ் வருவாள், நாவல் அத்தோடு நின்றுவிடும். கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி. வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொலைபேசியை அணைத்துவைத்தேன். மதியம் என் மனைவிக்கு வேர்த்துக் கொட்டியது. உதடு நிறம் மாறியது. அந்த ஒற்றை விரலால் 'மூச்சு முட்டுது. யாரையாவது கூப்பிடு' என்று தட்டினாள்.

எனக்குப் புரிந்ததா என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். புரிந்தது. அவளுக்கு உயிர் போகிறது என்று நன்றாகவே புரிந்தது. ஆஸ்பத்திரி தெருமுனையில்தான் இருக்கிறது, கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். நான் கூப்பிடவில்லை. 'மெருகேற்று' பொத்தானை அழுத்தினேன். அவளை நான்தான் சாகவிட்டேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நாவலை நிறுத்தச் சொல்லி பதிப்பாளருக்கு உத்தரவு போட உங்களுக்கு உரிமையில்லை. அவள் பெயர் நிலைக்கப்போவது அதில்தான்.

கடைசிப் பத்தி திரையில் வந்தது. பதினொரு நாவல்களில் எதிலும் அப்படியொரு முடிவு இல்லை. அவள் கேட்க வேண்டும் என்று குனிந்து, காதருகே, நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்களிலிருந்தும் தாரை தாரையாக நீர் வழிந்தது. நான் திருத்தியதைக் கேட்டு அவள் மனம் நெகிழ்ந்தது அதுதான் முதல் தடவை.