நான்கு கோடுகளின் இடைவெளி

எனக்குக் கெட்ட செய்தி சொல்ல வராது, ஐயா. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது, அது மாதிரி. எங்கள் தெருவில் ஒருவருடைய சைக்கிளை யாரோ தள்ளிக்கொண்டு போவதை ஒருமுறை பார்த்துவிட்டேன். சொல்லத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். "நடக்கிறது உடம்புக்கு ரொம்ப நல்லதாமே சார்" என்று ஆரம்பித்தேன். அவர் நடைப்பயிற்சியின் நன்மைகளை எனக்கு விளக்கி முடித்ததும், நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டது உடைந்த குழாயைப் பற்றி. அதற்கு முன் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில், பீரோ உயரத்துக்கு ஒரு காந்தம் நிற்கிறது. அதை ஓட்டுவதுதான் என் வேலை. அதில் நாங்கள் தேடுவது ஜோடியில்லாத எலக்ட்ரான்களை. எலக்ட்ரான்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாகக் குடித்தனம் நடத்தும், வாயே திறக்காது. தனியாக நிற்பதைக் காந்தத்துக்கு நடுவில் வைத்து மைக்ரோ அலையைக் காட்டினால், அது மட்டும் குரல் கொடுக்கும். அந்தக் குரலைத் திரையில் கோடுகளாகப் பார்ப்போம். "கல்யாணமாகாத ஆளுக்குப் பார்த்துக் குடுத்திருக்காங்க மச்சான் இந்த வேலையை" என்பார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். அதே கட்டடத்தில் மேல்தளத்தில் வேதியியல்காரர். அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் நான் இருக்கிறேன். காலையில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் காபி குடிப்போம். தங்கைக்கு விரல் மூட்டுகளெல்லாம் வீங்கி, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆறு வருடத்துக்கு முன் அவர் மூட்டுக்கு ஒரு மருந்து செய்ய ஆரம்பித்தார்.

வீங்கிய மூட்டில் ஜோடியில்லாத எலக்ட்ரானைச் சுமக்கும் மூலக்கூறுகள் பிறந்து, கையில் கிடைத்ததையெல்லாம் அரித்துக்கொண்டிருக்கும். ராடிக்கல் என்போம். ஒரு செம்பு அணுவால் அவற்றை அடக்க முடியும். ஆனால் அந்தச் செம்பு மற்ற அணுக்களால் கட்டிய ஒரு கூட்டுக்குள் இருக்க வேண்டும். ரத்தத்தில் கூட்டை விட்டு வெளியே வந்துவிட்டால் அதுவே ராடிக்கல்களைப் பெற்றுப் போட ஆரம்பிக்கும். முதலில் அடி வாங்குவது ஈரல். மாப்பிள்ளை கட்டிய கூடு ரத்தத்தில் தாங்குமா என்பதுதான் கேள்வி.

அதைச் சொல்வது என் இயந்திரம். செம்பு நான்கு கோடுகளாகப் பேசும். கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தால், செம்பை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கூட்டுக்குள் இருந்தால் ஒரு இடைவெளி, ரத்தத்தின் புரதம் இழுத்துக்கொண்டிருந்தால் வேறு இடைவெளி. பழகிய கண்ணுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் முகம் மாதிரி.

மாதிரியைப் பென்சிலைவிட மெல்லிய குவார்ட்ஸ் குழாயில் எடுத்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து அளக்க வேண்டும். குழாயை அடியிலிருந்து மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக முக்கினால் உள்ளே இருப்பது விரிந்து குழாய் வெடித்துவிடும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றாவது உடைப்பார்கள். என் கையில் ஒன்றுகூட உடைந்ததில்லை. கல்யாணச் சந்தையில் விலை போகாத திறமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாப்பிள்ளை இரண்டு குழாய் கொண்டுவந்தார். ஒன்றில் மருந்து வெறும் தண்ணீரில். இன்னொன்றில் அதே மருந்து, ரத்தத்தில் அணுக்களை நீக்கினால் மிஞ்சும் ரத்த நீரில். தண்ணீர்க் குழாயை முதலில் அளந்தேன். கூடு கச்சிதம். இரண்டாவது குழாயை இறக்கும்போது, எதிரில் நின்றவரைச் சிரிக்கவைக்க ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். கை நழுவியது, குழாய் உடைந்தது. இதைத்தான் போன வாரமும் உங்களிடம் சொன்னேன். வெட்கமாக இருந்ததால், தண்ணீர்க் குழாயையே மறுபடி அளந்து, இதுதான் ரத்த நீர் என்று அவரிடம் கொடுத்துவிட்டேன். இது போன வாரம் சொல்லாதது.

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மச்சான், அச்சு அசல் அப்படியே இருக்கே. இன்னொரு தடவை பாத்துடலாமா?"

"ரெண்டு தடவை பாத்தாச்சு மாப்பிள்ளை. உங்க கூடு எங்க ஹவுஸ் ஓனர் மாதிரி, உள்ள போனவன் வெளிய வர முடியாது."

அவர்தான் என் ஹவுஸ் ஓனர். அப்படிச் சிரித்தார். ஆறு வருடமாக அவர் முகத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

எலிகளுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி கேட்டிருந்தார், வரவில்லை. அதற்குள் தங்கைக்குக் கால் மூட்டும் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காபி குடிக்கும்போது சட்டைக் கையை மடித்தார்.

"முதல்ல எனக்குப் போட்டுப் பாக்கறேன். ஒரு மாசம் ஒண்ணும் ஆகலேன்னா இவளுக்கு."

"பைத்தியமா உங்களுக்கு?" என்றாள் தங்கை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீ சொல்லு. நீ பாத்தது சரியாத்தானே இருந்துச்சு?"

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்து அடுப்பை அணைத்தேன். "அவருக்கு ஊசின்னா பயம், அதான் உன்னை வச்சு நிறுத்தப் பாக்கறாரு" என்றேன். வீடே சிரித்தது. மாப்பிள்ளை ஊசியைப் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது வாரம் அவர் கண்ணில் லேசாக மஞ்சள் தெரிந்தது. தூக்கம் போதவில்லை என்றார். தன் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் அதை அடியிலிருந்து மெதுவாக உறைய வைத்து அளந்தேன். நான்கு கோடுகளும் இடம் மாறியிருந்தன. செம்பு கூட்டில் இல்லை.

"எப்படி இருக்கு மச்சான்?"

"கூட்டுக்குள்ள சுகமாத் தூங்குது."

"அப்ப அளவைக் கொஞ்சம் கூட்டலாம்" என்றார். கூட்டினார்.

அன்றைக்கே நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். ஈரல் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் உறுப்பு என்று எல்லாம் முடிந்த பிறகு படித்தேன். பிறகு இல்லை. அன்று சாயங்காலமே படித்தேன்.

என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது மாப்பிள்ளை சுயநினைவில் இல்லை. தங்கை ஊசியைப் பற்றிச் சொன்னாள். கூடவே, "அதுல தப்பே இருக்காது டாக்டர், எங்கண்ணனே பாத்துச் சொன்னான்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர்கள் வேறு காரணத்தைத் தேடப் போய்விட்டார்கள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பக்கத்துல இருந்தேன்னுதான் அவரு தைரியமாப் போட்டுக்கிட்டாரு" என்றாள். அது நன்றி, ஐயா. வேறு எதுவும் இல்லை.

ஆய்வுக்கூடம் வாங்கிக்கொடுத்த ரசாயனத்தில் கலப்படம் என்று உங்கள் ஸ்டேஷனில் மனு கொடுத்தவளும் அவள்தான். எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தது நான்.

அவளுக்கு ஊசி போடும் நாள் வந்திருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன். அந்த நாள் வரவில்லை என்பதுதான் இதில் எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல்.

நீங்கள் மறுபடி உடைந்த குழாயைக் காட்டுகிறீர்கள். சரி. என் கையில் ஒன்றுகூட உடைந்ததில்லை என்று சொன்னபோதே நீங்கள் பேனாவைக் கீழே வைத்ததைக் கவனித்தேன்.

குழாய் நழுவவில்லை. மாப்பிள்ளை அப்போது எதிரில் நிற்கவும் இல்லை, மேலே போயிருந்தார். ரத்த நீர்க் குழாயை ஒழுங்காக உறைய வைத்து, ஒழுங்காக அளந்தேன். கோடுகள் இடம் மாறியிருந்தன. ஆறு வருட வேலை பாழ் என்று திரையில் எழுதியிருந்தது. அவர் படியில் விசில் அடித்துக்கொண்டு இறங்கி வருவது கேட்டது. குழாயை எடுத்துக் கையில் வைத்து உருகவிட்டு, நைட்ரஜனில் ஒரேயடியாக முக்கினேன். பட்டென்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். விசில் கதவருகே வந்தபோது நான் தண்ணீர்க் குழாயை மறுபடி உள்ளே வைத்துவிட்டிருந்தேன்.

அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் முகம் வாடுவதைப் பார்க்க முடியவில்லை, வேறு காரணம் தேட வேண்டாம்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் பாட்டிலின் மூடியை அவளால் திருக முடியாது, யாராவது திறந்து கொடுத்தால் நல்லது. மற்றதையும் நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள், ஐயா. எனக்கு இளகின மனசு, அவள் அழுதால் தாங்காது.